429 கோடிக் கூண்டுகளும் 1,10,000 புறாக்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் நடத்தும் கணித வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களிலிருந்து வேலைக்காக இங்கே வந்து தங்கியிருக்கும் இளம் மென்பொருள் பொறியாளர்கள். அவர்களில் ஒருவருக்கு 2024இல் வேலையிடத்தில் நேர்ந்த ஒரு சிக்கலையும், அதன் வேரைத் தேடிக்கொண்டு அவருடைய கல்லூரி நோட்டுகள் வரை நாங்கள் போனதையும் இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவர் பெயரையும், நிறுவனம், கல்லூரி ஆகியவற்றின் பெயர்களையும் விட்டுவிட்டேன். கணினி அறிவியல் படிப்பில் கணிதம் எதற்கு என்ற கேள்வியை இருபது ஆண்டுகளாக மாணவர்கள் என்னிடம் கேட்டு வருகிறார்கள். அதற்கு நான் இதுவரை சொன்ன பதில்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு நிகழ்வு தெளிவாகப் பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

நடந்தது

அவருடைய ஊர் பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு கிராமம், தக்காளி விவசாயம் செய்யும் குடும்பம், பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழிக் கல்வி. 2018இல் கல்லூரியில் சேர்ந்து 2022இல் கணினி அறிவியலில் பட்டம் பெற்று, அதே ஆண்டு பெங்களூரில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நிறுவனம் தனித்தனி மருந்துக் கடைகளுக்கான மென்பொருளைச் செய்து கொடுக்கிறது. வாடிக்கையாளர் மாதந்தோறும் வாங்கும் மருந்துகளின் பட்டியலைக் கடைக்காரர் பதிந்து வைத்துக்கொண்டால், அடுத்த மாதம் பெயரைச் சொன்னவுடன் பட்டியல் திரையில் வந்துவிடும். ஒரே வாடிக்கையாளர் வேறொரு கடைக்குப் போனாலும் அந்தப் பட்டியல் அங்கே கிடைக்க வேண்டும் என்பதுதான் அந்த மென்பொருளின் சிறப்பு.

இணைப்பு அறுந்திருக்கும் நேரத்திலும் கடையில் வேலை நடக்க வேண்டும். ஆகவே, புதிய வாடிக்கையாளருக்கான அடையாள எண்ணை மையச் சர்வரிடம் கேட்டு வாங்காமல், கடையில் இருக்கும் கருவியே உருவாக்கிக்கொள்ளும்படி அமைக்க வேண்டியிருந்தது. இந்தப் பணி இவரிடம் வந்தது. தொலைபேசி எண்ணையும் பெயரையும் ஒட்டி ஒரே சரமாக்கி, அதை எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் அதிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தரும் சிஆர்சி-32 என்ற சார்புக்குள் கொடுத்து, வெளிவரும் 32 பிட் (32 இரும இலக்கங்கள் கொண்ட) எண்ணையே வாடிக்கையாளரின் அடையாளமாக வைத்தார். எந்தக் கடையில் பதிந்தாலும் ஒரே ஆளுக்கு ஒரே எண் வரும். ஒரே வரியில் முடிந்துவிடும் வேலை. குழுவில் மூத்தவர்கள் இருவர் பார்த்துச் சரியென்று ஒப்புதல் கொடுத்தார்கள்.

சோதனைத் தரவில் 2,000 வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மூன்று மாதங்கள் ஒரு குறையும் தென்படவில்லை. பிறகு கடைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பதிவுகள் ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு, கே.ஆர். புரம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அலைபேசியில் அழைத்தார். காய்ச்சல் மாத்திரை வாங்க வந்த ஓர் இளைஞரின் பெயரில் இன்சுலினும் இரத்த அழுத்த மாத்திரைகளும் மாதாந்திரப் பட்டியலில் தெரிகின்றன, அவரோ தனக்குச் சர்க்கரையே இல்லை என்கிறார் என்று புகார். அந்தக் கடைக்காரர் வாடிக்கையாளரை முகம் பார்த்துப் பேசும் பழக்கமுள்ளவர் என்பதால் தவறு அங்கேயே நின்றது. திரையில் இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கும் அவசரக்காரர் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது.

ஒன்பது நாள் தேடல்

இரண்டு பேருடைய பதிவுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பது உடனே தெரிந்தது. ஏன் கலந்தன என்பதுதான் தெரியவில்லை. கடைக் கருவியிலிருந்து மையத்துக்குத் தரவைக் கொண்டுசேர்க்கும் நிரலின் மீதுதான் முதல் சந்தேகம் விழுந்தது. அது சிக்கலான நிரல் என்பதால் சந்தேகமும் இயல்பானதே. இரண்டு பொறியாளர்கள் ஒன்பது நாட்கள் அந்த நிரலையே புரட்டிக்கொண்டிருந்தார்கள். சோதனைத் தரவை மீண்டும் மீண்டும் ஓட்டினார்கள். ஒருமுறைகூடக் கோளாறு திரும்ப வரவில்லை.

அடையாள எண் மோதியிருக்குமோ, அதாவது இரண்டு பேருக்கு ஒரே எண் வந்திருக்குமோ என்ற கேள்வி அந்த ஒன்பது நாட்களில் எழாமல் இல்லை. எழுந்தது, உடனே தள்ளப்பட்டது. தள்ளியவர் இவரேதான். எப்படித் தள்ளினார் என்பதை அவர் வாயாலேயே கேட்டேன்.

“32 பிட்னா 429 கோடி எண் சார். நம்மகிட்ட இருக்கிறது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர். ஒரு ஆளுக்கு முப்பத்தொன்பதாயிரம் இடம் இருக்கு. காலேஜ்ல பிஜன்ஹோல் பிரின்சிபிள் படிச்சிருக்கேன். 429 கோடிக்கு மேல போனாத்தானே கண்டிப்பா மோதும்?”

இந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 32 பிட்டில் 4,29,49,67,296 எண்கள் உண்டு. அதை 1,10,000ஆல் வகுத்தால் 39,000 சொச்சம் வரும். எண்களைக் கூண்டுகளாகவும் ஆட்களைப் புறாக்களாகவும் வைத்துக்கொண்டால், புறாக்கள் கூண்டுகளைவிட ஒன்று அதிகமானால், ஏதோ ஒரு கூண்டில் இரண்டு புறாக்கள் இருந்தே தீரும் என்பதும் சரி. கல்லூரியில் படித்ததை அவர் மறக்கவில்லை, பிழையாக நினைவு வைத்திருக்கவும் இல்லை. சரியாக நினைவிலிருந்த ஒரு தேற்றத்தைச் சொல்லி ஒருவர் தவறான முடிவுக்கு வந்து சேர்ந்தார் என்பதால்தான் இந்த நிகழ்வை விரிவாக ஆராய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கணிதம் தெரியாததால் நேர்ந்த பிழை என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஒரு கணிதம் மட்டும் வந்து நின்றது, அதன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய இன்னொன்று வரவில்லை.

கண்டிப்பாக மோதும் என்பது வேறு, மோத வாய்ப்பிருக்கிறது என்பது வேறு. முதலாவதைச் சொல்வது புறாக்கூண்டுக் கொள்கை. இரண்டாவதைச் சொல்வது நிகழ்தகவு. அந்தப் பொறியாளருக்குத் தேவைப்பட்டது இரண்டாவது.

ஜோடிகளின் கணக்கு

வகுப்பில் அன்று 12 பேர் இருந்தார்கள். இந்த நிகழ்வைப் பற்றி எதுவும் சொல்லாமல், ஒவ்வொருவரையும் தம்முடைய பிறந்தநாளையும் வீட்டில் இருவருடைய பிறந்தநாளையும் சீட்டில் எழுதச் சொன்னேன். ஆண்டு வேண்டாம், நாளும் மாதமும் போதும். மொத்தம் 36 தேதிகள். இவற்றில் ஏதாவது இரண்டு ஒன்றாக இருக்குமா என்று கேட்டேன். 365 நாட்கள் இருக்கும்போது 36 தேதிகள் என்பது பத்தில் ஒரு பங்கு, அதனால் இருக்காது என்றுதான் பலர் சொன்னார்கள். சரிபாதி வாய்ப்பு வருவதற்கு எத்தனை பேர் தேவை என்ற கேள்விக்கு நம்மவர் 183 என்றார். சீட்டுகளை விரித்துப் பார்த்ததில் இரண்டு இடங்களில் தேதிகள் பொருந்தின. ஒரு மாணவியின் பாட்டியும் இன்னொருவரின் தம்பியும் ஆகஸ்ட் மாதம் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

பிறகுதான் கரும்பலகைக்குப் போனோம். மோதல் நிகழ்வது ஆளுக்கும் நாளுக்கும் இடையே அல்ல, ஆளுக்கும் ஆளுக்கும் இடையே. ஆகவே எண்ண வேண்டியது ஆட்களை அல்ல, ஜோடிகளை. 23 பேர் இருந்தால் 253 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் 365இல் 1 வாய்ப்பு. 253 முறை வாய்ப்பு கிடைக்கும்போது மோதல் நிகழ்வதற்கான நிகழ்தகவு பாதியைத் தாண்டிவிடுகிறது. துல்லியமாகச் சொன்னால் 50.7 விழுக்காடு. 36 தேதிகளுக்கு 630 ஜோடிகள், 83 விழுக்காடு.

அடுத்த வரியை நான் எழுதவில்லை. அவரே எழுந்து வந்து எழுதினார். 1,10,000 பேருக்கு எத்தனை ஜோடிகள்? 1,10,000ஐ 1,09,999ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். அலைபேசியில் பெருக்கி விடையைப் பலகையில் எழுதினார்: 604,99,45,000. எழுதி முடித்துவிட்டு அதற்குக் கீழே 429,49,67,296 என்று எழுதினார். இரண்டு எண்களையும் பார்த்தபடி சற்று நேரம் நின்றுகொண்டிருந்தார். ஜோடிகள் 604 கோடி, கூண்டுகள் 429 கோடி. ஒரு ஜோடிக்கு 429 கோடியில் 1 வாய்ப்பு என்றால், 604 கோடி ஜோடிகளில் சராசரியாக 1.41 மோதல்களை எதிர்பார்க்க வேண்டும். அரிய நிகழ்வுகள் எத்தனை முறை நேரும் என்பதற்கான வாய்ப்பைச் சொல்லும் பாய்சான் பரவலின்படி ஒரு மோதல்கூட இல்லாமல் தப்புவதற்கு 24 விழுக்காடு வாய்ப்பே இருந்தது. மீதி 76 விழுக்காடு அவர்களுக்கு எதிராக இருந்தது.

சோதனை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்கும் அதே கணக்கில் விடை இருந்தது. 2,000 பேருக்கு 19,99,000 ஜோடிகள்தான். மோதல் தெரிவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 2,150இல் 1. வெவ்வேறு 2,000 பேர் கொண்ட தரவுகளை வைத்து இரண்டாயிரம் முறைக்கு மேல் சோதித்திருந்தால்தான் ஒருமுறை கண்ணில் பட்டிருக்கலாம். ஒரே தரவை எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான் வரும், ஆகவே அந்த ஒன்பது நாள் ஓட்டம் தொடக்கத்திலிருந்தே பயனற்றது. எண்ணிக்கை பத்து மடங்கானால் ஜோடிகள் நூறு மடங்காகும் என்பதை அறியாதவருக்கு, சிறு தரவில் கிடைத்த வெற்றி பெரிய தரவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பது புரியாது. அவர் இதைத் தன் ஊர்ப் பேச்சில் சொன்னார்: “மண்டியில பெட்டியோட மேல் தட்டை மட்டும் பார்த்துட்டு விலை சொன்ன மாதிரி ஆயிடுச்சு சார்.”

நிறுவனத்தின் அடுத்த ஆண்டு இலக்கு 12 லட்சம் வாடிக்கையாளர்கள். அந்த எண்ணிக்கையில் ஜோடிகள் ஏறக்குறைய 72,000 கோடி, எதிர்பார்க்க வேண்டிய மோதல்கள் 168. ஒவ்வொன்றும் இரண்டு பேருடைய மருந்துப் பட்டியல்.

சிஆர்சி பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அது அடையாளம் தருவதற்காக உருவாக்கப்பட்டதே அல்ல. தரவு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது வழியில் பிட்டுகள் கெட்டுப்போனால் கண்டுபிடிப்பதற்காக 1961இல் பீட்டர்சன் வடிவமைத்த முறை. அந்த வேலைக்குரிய உத்தரவாதங்கள் அதற்கு உண்டு, எண்கள் சீராகப் பரவும் என்ற உத்தரவாதம் அவற்றில் இல்லை. மேலே போட்ட கணக்கு எண்கள் சீராகப் பரவுகின்றன என்று வைத்துக்கொண்டு போட்டது. பரவல் சீராக இல்லாவிட்டால் மோதல் கூடுமே ஒழியக் குறையாது.

நோட்டுகள் சொல்வது

அடுத்த முறை ஊருக்குப் போய் வரும்போது கல்லூரி நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பரணில் கட்டி வைத்திருந்தவற்றைக் கொண்டுவந்தார். அவர் படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டம். அதில் இந்தக் கணக்குக்குத் தேவையான எதுவும் விடுபடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் பருவத்து டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் தாளில் எண்ணுதல், புறாக்கூண்டுக் கொள்கை, சேர்வுகள் எல்லாம் இருந்தன. அதே பருவத்தின் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தாளில் ஹேஷிங் (தரவிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுள்ள இடத்தில் அதை வைக்கும் முறை) இருந்தது. நான்காம் பருவத்தில் நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும் இருந்தன, பாய்சான் பரவலும் அதில் அடக்கம். தேவையான மூன்று பொருள்களும் ஓராண்டுக்குள் அவர் மேசைக்கு வந்துவிட்டன.

நோட்டுகளில் அவை எப்படி இருந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. புறாக்கூண்டுக் கொள்கைக்கு அரைப் பக்கம். 13 பேர் இருந்தால் குறைந்தது இருவர் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள் என்ற எடுத்துக்காட்டு, அதன் ஓரத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி என்ற குறிப்பு, கீழே ஆசிரியரின் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி. ஹேஷிங்குக்கு ஆறு பக்கங்கள். பத்து இடங்கள் கொண்ட அட்டவணையில் எண்களை மீதி கண்டு இடும் கணக்கு, மோதினால் சங்கிலியாகக் கோப்பது எப்படி, அடுத்த இடத்தைத் தேடுவது எப்படி என்பவை அழகான கையெழுத்தில், அளவுகோல் வைத்துப் போட்ட படங்களோடு. பாய்சான் பரவலுக்கு ஐந்து கணக்குகள், ஐந்தும் தொலைபேசி அழைப்புகள், தட்டச்சுப் பிழைகள், விபத்துகள் பற்றியவை. ஓர் இடத்தில்கூட ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்கு வழி இல்லை. மூன்று ஆசிரியர்கள், மூன்று பாடவேளைகள், மூன்று தேர்வுத் தாள்கள்.

ஹேஷிங் நோட்டில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருந்தது. ஹேஷ் அட்டவணையில் மோதல் என்பது விபத்து அல்ல, அன்றாட நிகழ்வு. அங்கே அந்த எண் ஓர் இருக்கையின் எண் மட்டுமே. இருக்கையில் போய் உட்காருபவர் தன் பெயரையும் கூடவே வைத்திருப்பார். தேடி வருபவர் இருக்கையைக் கண்டபின் பெயரை ஒப்பிட்டுத்தான் ஆளை உறுதி செய்வார், அதனால் ஒரே எண்ணில் இருவர் வந்தாலும் குழப்பம் வராது. நம் பொறியாளர் செய்த அமைப்பில் ஒப்பிடும் படி இல்லாமல் போய்விட்டது, இருக்கை எண்ணே ஆளாகிவிட்டது. மோதலைச் சமாளிக்கும் வழிகளை ஆறு பக்கங்கள் எழுதிப் படித்தவருக்கு, தான் செய்த அமைப்பில் அந்த வழிகளில் எதற்கும் இடமில்லை என்பது தோன்றவில்லை. மோதல் எத்தனை முறை நிகழும் என்ற எண்ணை அந்த வகுப்பிலேயே ஒருமுறை கணக்கிட்டிருந்தால், எண்ணுக்கும் ஆளுக்கும் உள்ள வேறுபாடு மனதில் பதிந்திருக்கும் என்று நம்புகிறேன். “மோதினால் என்ன செய்வாய்” என்ற கேள்விதான் அவரிடம் கேட்கப்பட்டது. “எப்போது மோதும்” என்று யாரும் கேட்கவில்லை.

மொழியும் இதில் சேர்ந்துகொண்டது என்பதை அவரோடு பேசிப் பேசித்தான் கண்டுகொண்டேன். பள்ளியில் அவர் நிகழ்தகவு படித்தவர். பகடை, சீட்டுக்கட்டு, பையிலுள்ள பந்துகள் என்று தமிழில் யோசித்து விடை கண்டவர். கல்லூரிக்குப் போனதும் பாடம் பிராபபிலிட்டி ஆயிற்று. அது அவருக்கு வேறொரு பாடமாகவே, சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் பாடமாகவே இருந்தது. “நிகழ்தகவுன்னு நீங்க சொன்னப்போதான் சார், ரெண்டும் ஒண்ணுன்னு உறைச்சுது” என்றார். கலைச்சொல் தெரியாத சிக்கல் அல்ல இது, இரண்டு சொல்லும் அவருக்குத் தெரியும். யோசிக்கும் பழக்கம் ஒரு சொல்லோடு தங்கிவிட, தேர்வு எழுதும் பழக்கம் இன்னொரு சொல்லோடு வளர்ந்தது. தமிழ்வழியில் படித்து வந்து பெங்களூரில் வேலை பார்க்கும் மாணவர்களிடம் இதை நான் அதன்பிறகு பலமுறை கண்டேன். கல்லூரி ஆசிரியர்கள் ஒரே ஒரு முறை அந்தப் பழைய சொல்லைச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால்கூடப் போதும்.

π எங்கிருந்து வந்தது

கணக்கு சரியென்று ஒப்புக்கொண்ட பிறகும் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது, காகிதத்தில் மட்டும் கண்டதை நம்பிவிடக் கூடாது என்று. அது நல்ல பழக்கம். ஆகவே கூண்டுகளைச் சுருக்கிச் சோதிக்கச் சொன்னேன். 32 பிட்டுக்குப் பதிலாக 16 பிட், அதாவது 65,536 கூண்டுகள். குருட்டாம்போக்கில் எண்களை எடுத்து, முதல் மோதல் எத்தனையாவது எண்ணில் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதை ஆயிரம் முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். மடிக்கணினியில் பத்து வரி நிரல். அவருக்கு வந்த சராசரி 318. கோட்பாட்டின்படி வர வேண்டியது ஏறக்குறைய 321. அறுபத்தைந்தாயிரம் கூண்டுகளில் முந்நூற்றுச் சொச்சம் புறாக்கள் வந்தவுடனேயே முதல் மோதல் நிகழ்ந்துவிடுகிறது என்பதைத் தன் நிரலிலேயே கண்ட பிறகு அவர் முகம் மாறியது.

321 எங்கிருந்து வருகிறது? கூண்டுகளின் எண்ணிக்கையை πஆல் பெருக்கி, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வரும். வட்டமே இல்லாத இடத்தில் π எப்படி வந்தது என்று வகுப்பில் எல்லோரும் கேட்டார்கள். முதல் மோதல் வரை எத்தனை பேர் வருவார்கள் என்ற சராசரியைக் கணக்கிடும்போது ஒரு நீண்ட கூட்டல் வருகிறது. கூண்டுகள் மிகுதியாக இருக்கும்போது அந்தக் கூட்டலுக்குப் பதிலாக மணி வடிவ வளைவின் கீழுள்ள பரப்பை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பரப்பைக் காண்பதற்கு, அதை இரட்டைத் தொகையீடாக மாற்றித் துருவ ஆயங்களில் (புள்ளியைத் தொலைவாலும் கோணத்தாலும் குறிக்கும் முறையில்) எழுதுவது வழக்கமான வழி, அங்கேதான் வட்டம் உள்ளே வருகிறது. இவர் முதல் பருவத்து நோட்டைத் திறந்தார். துருவ ஆயங்களில் இரட்டைத் தொகையீடு பக்கம் பக்கமாக இருந்தது. அதே வளைவின் தொகையீடும் இருந்தது, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு.

அதே வாய்பாட்டை 32 பிட்டுக்குப் போட்டால் 82,000 சொச்சம் வருகிறது. அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவுகளை வரிசையாக ஓட்டிப் பார்த்தார். முதல் மோதல் 71,000ஐ ஒட்டிய ஒரு பதிவிலேயே நிகழ்ந்திருந்தது. கே.ஆர். புரத்தில் பிடிபட்டது இரண்டாவது. முதலாவதில் கலந்துபோன இருவரும் எப்போதோ ஒருமுறை இருமல் மருந்து வாங்கியவர்கள் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு மறுப்பு

அவருடைய டீம் லீட் மதுரைக்காரர், பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கே வந்தார். மறைக்காமல் பேசினார். “சார், பதினைந்து வருஷத்துல நான் ஒருநாளும் இன்டகிரேஷன் போட்டதில்லை. லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்மை எங்கேயும் பார்த்ததில்லை. அதெல்லாம் படிக்காம இருந்திருந்தா என் வேலையில ஒரு குறையும் வந்திருக்காது. இந்தப் பசங்களுக்கு அந்த நேரத்துல நல்லா கோட் எழுதச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.”

இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. பாதி உண்மை அதில் இருக்கிறது. எல்லாப் பொறியியல் துறைகளுக்கும் பொதுவான முதலாண்டு என்ற பழைய ஏற்பாட்டின் விளைவாக, இவர் படித்த பாடத்திட்டத்தில் கணினி மாணவர் எண்ணவும் தர்க்கத்தைக் கையாளவும் கற்கும் முன்பே சிக்கலெண் தொகையீட்டைக் கற்றார். சமிக்ஞைகளைக் கையாளும் துறைக்குப் போகிறவருக்கு லாப்லாஸ் மாற்றம் உயிர்நாடி. மருந்துக் கடை மென்பொருள் எழுதுபவருக்கு அது தேவைப்படாது. என் கையில் இருந்தால் எண்ணுதல், தொகுத்தறிதல், நிகழ்தகவு ஆகிய மூன்றையும் முதலாண்டுக்குக் கொண்டுவந்து, தொகையீடு போன்ற பகுப்பாய்வுப் பாடங்களை அவற்றின் பின்னால் வைப்பேன். நீக்கமாட்டேன். π வந்த வழியை மேலே பார்த்தோம்.

மற்றொரு பாதியில் அவரோடு நான் உடன்படவில்லை. பேச்சினிடையே அவர் ஒன்றைச் சொன்னார். இந்த நிரல் தன் பார்வைக்கு வந்திருந்தால் 32 பிட்டை ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டாராம். ஏன் என்று கேட்டேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் இதேபோல் ஒன்று உடைந்து, நான்கு இரவுகள் தூங்காமல் சரிசெய்தாராம். அந்த அனுபவத்தால் அவருக்குள் ஒரு கணக்கு உருவாகியிருக்கிறது, அதற்கு அவர் கணிதம் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவே. நான்கு இரவுகளும் யாரோ சில வாடிக்கையாளர்களின் இழப்பும் அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அறிவை அவர் பத்து நிமிடங்களில் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. “32 பிட் வேண்டாம்” என்று சொல்ல முடியும். 48 பிட் போதுமா, 64 போதுமா என்று கேட்டால் அனுபவம் விடை சொல்லாது. கணக்கு சொல்லும்.

சோதனை செய்தால் போதாதா என்ற அவருடைய கேள்விக்கு ஜாவா நிரல்மொழியின் நூலகத்தில் இருந்த இருமத் தேடலை, அதாவது வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் நிரலைக் காட்டினேன். வரிசையின் நடுவைக் காண, தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்கும் ஒரே வரி. கூட்டுத்தொகை, 32 பிட்டில் கூட்டல் கழித்தல் குறியோடு வைக்கக்கூடிய மிகப்பெரிய எண்ணான 214,74,83,647ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகப் புரண்டுவிடும், நிரல் விழுந்துவிடும். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது, 2006இல் அந்த நிரலை எழுதிய ஜாஷுவா பிளாக்கே அதைப் பகிரங்கமாக எடுத்துச் சொன்னார். 107 கோடி உறுப்புகளுக்கு மேற்பட்ட வரிசையில்தான் அது வெளிப்படும் என்பதால் வழக்கமான சோதனைகளில் அது அகப்படவில்லை. கூட்டுத்தொகையின் மேல் எல்லை என்ன என்று ஒரு வரி எழுதிப் பார்ப்பவருக்கு அது அகப்படும். அவர் அந்த வரியைப் பலகையில் தானே எழுதிப் பார்த்துவிட்டுப் போனார். இன்டகிரேஷன் பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

திருத்தம்

64 பிட் ஹேஷ் போதுமா என்பதுதான் அலுவலகத்தில் முதலில் பேசப்பட்டது. 12 லட்சம் பேருக்கு மோதல் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரைக் கோடியில் 1 என்று இவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். எண்ணளவில் அது போதுமானது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே இருக்கை எண்ணையும் ஆளையும் குழப்பிய பழைய பிழை அங்கேயும் தொடர்வது அவருக்குத் தெரிந்துவிட்டது. பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஒரே ஆள் இருவராகிவிடுவார். அப்பாவும் மகனும் ஒரே தொலைபேசியையும் ஒரே பெயரையும் வைத்திருந்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். எத்தனை பிட் சேர்த்தாலும் இது தீராது. ஆகவே அடையாளத்தை ஹேஷிலிருந்து முழுவதுமாகப் பிரித்தார். எண்ணுக்கு யூயூஐடி என்ற முறை, அதில் 122 பிட்டுகள் குருட்டாம்போக்கானவை, கூண்டுகளின் எண்ணிக்கை 37 இலக்கம். ஆள் ஒன்றா வேறா என்பதைத் தொலைபேசி எண், பெயர், வயது மூன்றையும் வைத்து மென்பொருள் பரிந்துரைக்கும், கடைக்காரர் உறுதி செய்வார். கலந்துபோன நான்கு பேரின் பட்டியல்கள் கடைக் கருவிகளில் இருந்த பழைய பதிவுகளைக் கொண்டு பிரிக்கப்பட்டன.

இந்த மாற்றத்தைக் குழுவுக்கு விளக்க அவர் ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். அதன் முதல் வரியில் ஜோடிகளின் எண்ணிக்கை, இரண்டாவது வரியில் கூண்டுகளின் எண்ணிக்கை, மூன்றாவதில் வகுத்து வந்த விடை. 2,000, 1,10,000, 12,00,000 என்று மூன்று நெடுவரிசைகள். அந்தக் குறிப்பு இப்போது அவர்கள் நிறுவனத்தில் புதிய அடையாள எண் எதை உருவாக்கினாலும் நிரப்ப வேண்டிய படிவமாகிவிட்டது என்று சொன்னார்.

என் கல்லூரியில் இந்தப் பருவம் நான் ஒரு மாற்றத்தைச் செய்திருக்கிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் நடத்தும் ஆசிரியரோடு பேசி, ஹேஷிங் தொடங்கும் வாரத்தில் என் வகுப்பில் ஜோடிகளை எண்ணுவதை வைத்துக்கொண்டேன். ஆய்வகத்தில் மாணவர்கள் 16 பிட் சோதனையை ஓட்டுகிறார்கள், அதன் சராசரியை என் வகுப்புக்குக் கொண்டு வருகிறார்கள். நிகழ்தகவுத் தாள் அடுத்த பருவத்தில்தான் வருகிறது என்பதால் பாய்சானை இப்போது தொட முடியவில்லை. அதை நடத்தும் ஆசிரியரிடம் இந்த எண்களைக் கொடுத்து வைத்திருக்கிறேன், தட்டச்சுப் பிழைக் கணக்கின் இடத்தில் இதைப் போடச் சொல்லி.